அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பக்கத்தை எந்த வரிசையில் கட்டுவது: முழுமையான வழிகாட்டி

டெஸ்க்டாப் மென்பொருளுக்கு அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் செய்யச் சொன்னால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் ஒரு விண்டோ வரைவார். இடப்பக்கம் டேப்கள், வலப்பக்கம் செக்பாக்ஸ்கள், கீழே ஓகே, கேன்சல். பிறகு புரோகிராம் கோடில் கிடக்கும் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதில் அடுக்குவார். இரண்டு நாளில் விண்டோ நிரம்பிவிடும். இந்த மதிப்பு எங்கே சேமிக்கப்படும், தவறாக மாற்றியவர் எப்படித் திரும்பி வருவார் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழும். அப்போது பதில் சொல்ல விண்டோவையே கலைக்க வேண்டியிருக்கும்.

வரைவது ஐந்தாவது வேலை. அதற்கு முன்னால் நான்கு வேலை இருக்கிறது. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டி போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரு பில்லிங் மென்பொருளை வைத்துக்கொள்வோம். சவுகார்பேட்டை மொத்தக் கடையிலோ தி.நகர் துணிக்கடையிலோ ஓடுகிறது. ஒரு கம்ப்யூட்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர். கவுன்டரில் கேஷியர், உள்ளே முதலாளி, மாதம் ஒருமுறை வரும் ஆடிட்டர், போனில் சப்போர்ட் ஆள். இந்த நான்கு பேரும் திறக்கப்போவது ஒரே செட்டிங்ஸ் பக்கத்தைத்தான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு மாத சப்போர்ட் அழைப்புகளின் பதிவு வேண்டும். எந்த செட்டிங்கை மக்கள் உண்மையில் தேடுகிறார்கள் என்பதை அது மட்டும்தான் சொல்லும். குழுவுக்குள் உட்கார்ந்து ஊகித்தால் பாதி தவறாகிவிடும்.

ஏற்கெனவே கடைகளில் ஓடும் பழைய வெர்ஷன்களின் செட்டிங்ஸ் கோப்புகள் ஐந்தாறு வேண்டும், புத்தம்புதிதாக இன்ஸ்டால் செய்ததில் உருவாகும் கோப்பு அல்ல. மூன்று வருடம் அடிபட்ட கோப்பில்தான் விசித்திரமான மதிப்புகள் இருக்கும்.

கடைக்கு நேரில் போய் பிரிண்டரை இணைத்துக் கொடுக்கும் ஆள் ஒருவர் இரண்டு மணி நேரம் உங்களோடு உட்கார வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். எந்த மாடலுக்கு எதை மாற்ற வேண்டும் என்பது அவர் தலையில்தான் இருக்கிறது, எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

1. மாற்றக்கூடிய எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கொண்டுவாருங்கள்

செட்டிங்ஸ் கோப்பில் உள்ளவை மட்டும் போதாது. விண்டோஸின் செட்டிங்ஸ் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டவை, மென்பொருளைத் திறக்கும்போது கமாண்டு லைனில் கொடுக்கப்படுபவை, இயங்குதளம் மென்பொருளுக்குத் தரும் சூழல் மாறிகள், கோடுக்குள் நேரடியாக எழுதிவைத்த எண்கள் எல்லாம் பட்டியலுக்கு வர வேண்டும். ‘30 விநாடி காத்திரு’ என்று ஒருவர் என்றோ எழுதிய எண்தான் நெட் மெதுவாக உள்ள கடையில் தொல்லை தருவதாக இருக்கலாம்.

ஒவ்வொரு வரிக்கும் இவற்றை நிரப்புங்கள்: உள்பெயர் (கோடுக்குள் வழங்கும் பெயர்), வகை, அலகு, குறைந்தபட்ச அதிகபட்ச மதிப்பு, டீஃபால்ட் (யாரும் மாற்றாதபோது இருக்கும் மதிப்பு), எப்போது நடைமுறைக்கு வரும், யார் மாற்றுவார், தவறாக மாற்றினால் என்ன ஆகும்.

‘தவறாக மாற்றினால் என்ன ஆகும்’ என்ற கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள். அதுதான் மிக முக்கியமானது. எந்த அடுக்கில் வைப்பது, எச்சரிக்கை வேண்டுமா, உடனே நடைமுறைக்கு வரலாமா என்று பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் அந்த ஒரு கட்டத்திலிருந்து வருகிறது. நிரப்பத் தெரியவில்லை என்றால், அந்த செட்டிங்கைக் கையால் தவறாக மாற்றிப் பாருங்கள்.

லினக்ஸில் ஓடும் க்னோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்குகளைக் கையாளும் ஜிசெட்டிங்ஸில் ஒரு செட்டிங்கை அறிவிக்க வேண்டுமானால் அதன் வகையையும் டீஃபால்ட்டையும் கொடுத்தே ஆக வேண்டும். எல்லை, சுருக்கம், விளக்கம் ஆகியவற்றுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடினாலும் இந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை ஒரே கோப்பாக வைத்து, விண்டோ, தேடல், சரிபார்ப்பு மூன்றும் அதிலிருந்தே படிக்கும்படி செய்தால், ஓரிடத்தில் திருத்தியது மூன்றிலும் மாறும்.

2. பாதியை வெட்டுங்கள்

ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளால் சலியுங்கள்.

மென்பொருளே கண்டுபிடிக்க முடியுமா? திரையின் அளவு, கணினியின் தேதி வடிவம், எந்த பிரிண்டர் இணைந்திருக்கிறது போன்றவற்றை ஆளைக் கேட்கக் கூடாது.

இது செட்டிங்கா, தரவா? ஜிஎஸ்டி விகிதத்தை செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு எண்ணாக வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு விகிதம் மாறியது. அந்த ஒற்றை எண்ணை மாற்றியவுடன் ஆகஸ்டில் போட்ட பில்லை மறுபடி அச்சிட்டாலும் புதிய விகிதம் வந்து நிற்கும். விகிதம் என்பது பொருளோடும், எந்தத் தேதியிலிருந்து என்பதோடும் சேர்ந்த தரவு. அதன் இடம் பொருள் பட்டியல்.

இது குழுவுக்குள் தீராத சண்டையா? இருவர் ஒத்துப்போகாதபோது ‘இரண்டும் இருக்கட்டும், செக்பாக்ஸ் வைத்துவிடலாம்’ என்று முடிப்பது எளிது. முடிவெடுக்கும் வேலை அப்படியே கேஷியர் தலையில் இறங்குகிறது. இத்தகையவற்றை வெட்டிவிட்டு, ஒரு முடிவை நீங்கள் எடுங்கள்.

ஏன் இவ்வளவு கறார்? ஆம்/இல்லை செட்டிங் 10 இருந்தால் 1,024 சேர்க்கைகள். 20 ஆனால் 10 லட்சத்தைத் தாண்டும். இவ்வளவையும் யாரும் சோதிக்க முடியாது. ஏதோ ஒரு கடையில் ஓடும் சேர்க்கை உங்கள் அலுவலகத்தில் ஒருநாளும் ஓடியிருக்காது.

2013-இல் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் 23-ஆம் வெர்ஷன் வந்தபோது, இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்தும் செக்பாக்ஸ் சாதாரண செட்டிங்ஸ் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதைத் தட்டினால் பெரும்பாலான இணையதளங்கள் உடைந்துவிடும். தட்டியவருக்குக் காரணமே தெரியாது. ஆனால் வசதி அழியவில்லை, முகவரிப் பட்டையில் about:config என்று தட்டினால் திறக்கும் அபௌட் கான்ஃபிக் பக்கத்தில் இருந்தது. வெட்டுவது என்றால் எப்போதும் அழிப்பது அல்ல. சில நேரம் ஆழமான அடுக்குக்கு இறக்குவது.

3. டீஃபால்ட்டை முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு டீஃபால்ட்தான் மென்பொருள். அதனால் ‘வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளட்டும்’ என்ற எண்ணத்தில் டீஃபால்ட் வைக்காதீர்கள். ஒருவரும் மாற்றவில்லை என்றால் இந்தக் கடை நன்றாக ஓடுமா என்று கேட்டு வையுங்கள்.

‘தானாக’ என்பதும் ஒரு மதிப்புதான். அதை வைத்தால், மென்பொருள் எதைக் கண்டுபிடித்தது என்பதையும் பக்கத்திலேயே காட்டுங்கள்: ‘பேப்பர் ரோல்: தானாக (இப்போது: 3 இஞ்ச்)’. காட்டாவிட்டால், தவறாகக் கண்டுபிடித்திருந்தாலும் யாருக்கும் தெரியாது.

மாற்றிய மதிப்பை மட்டும் கோப்பில் எழுதுங்கள், டீஃபால்ட்டை எழுதாதீர்கள். முதல் முறை திறக்கும்போதே எல்லா மதிப்பையும் கோப்பில் கொட்டிவிடுவது மிகப் பரவலான பிழை. அடுத்த வெர்ஷனில் நீங்கள் நல்ல டீஃபால்ட் கொடுத்தாலும், பழைய கடைகளில் பழைய எண் கோப்பில் உறைந்து கிடக்கும். அது முதலாளி விரும்பி வைத்ததா, தானாக எழுதப்பட்டதா என்று பிறகு பிரித்தறிய வழியே இல்லை. ஃபயர்பாக்ஸும், புரோகிராம் எழுதப் பயன்படும் விஎஸ் கோடும் மாற்றியதை மட்டுமே பயனர் கோப்பில் வைக்கின்றன.

4. எங்கே, எப்படிச் சேமிப்பது

விண்டோ வரைவதற்கு முன் இதை முடிக்கக் காரணம் உண்டு. ஒரு செட்டிங் யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் அதைத் திரையில் காட்ட முடியாது.

பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரைக் குறியுங்கள்: இந்த ஆளுக்கா, இந்தக் கணினிக்கா, மொத்தக் கடைக்குமா? எழுத்தின் அளவு ஆளுக்கு. பிரிண்டர் கணினிக்கு. பில்லின் தலைப்பு கடைக்கு. விண்டோஸில் ஆளோடு பயணிக்கக்கூடியவை அவரது ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் உள்ள ரோமிங் ஃபோல்டரிலும், கணினியோடு தங்க வேண்டியவை லோக்கல் ஃபோல்டரிலும் போகும். எல்லாப் பயனருக்கும் பொதுவானவை புரோகிராம்டேட்டாவில். ரோமிங் ஃபோல்டர் கணினிகளுக்கு இடையே பகிரப்படும்படி அமைத்த கடையில் பிரிண்டரை அங்கே வைத்தால், கேஷியர் பக்கத்துக் கவுன்டரில் லாகின் செய்தவுடன் அங்கே இல்லாத பிரிண்டரைத் தேடி மென்பொருள் நிற்கும். லினக்ஸில் பயனர் செட்டிங்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள் உள்ள கான்ஃபிக் ஃபோல்டருக்கும், மேக்கில் லைப்ரரிக்குள் உள்ள பிரிஃபரன்ஸஸுக்கும் போகும். விண்டோஸில் மென்பொருள் இன்ஸ்டால் ஆகும் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதாதீர்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை.

பல கிளை உள்ள கடையில் அட்மின் சிலவற்றைப் பூட்ட விரும்புவார். ஆகவே மதிப்பைப் படிக்கும் வரிசையை இப்போதே எழுதி வையுங்கள். டீஃபால்ட், அதற்கு மேல் கணினி, அதற்கு மேல் பயனர். அட்மின் பூட்டியது எல்லாவற்றையும் வெல்லும். ஃபயர்பாக்ஸில் இதற்கென நிர்வாகி வைக்கும் பாலிசி கோப்பு இருக்கிறது. விண்டோஸில் குரூப் பாலிசி இருக்கிறது. பூட்டியதைத் திரையிலிருந்து மறைத்துவிடாதீர்கள். மங்கலாகக் காட்டி, ‘நிர்வாகி நிர்ணயித்தது’ என்று எழுதுங்கள். மறைத்தால், ‘அந்தக் கடையில் இருக்கிறது, எனக்கு ஏன் இல்லை’ என்று போன் வரும்.

எழுதும் முறையில் கவனம் தேவை. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதினால், எழுதும் நடுவில் கரண்ட் போனால் பாதிக் கோப்பு மிஞ்சும். மழைக்காலத்தில், யுபிஎஸ் பேட்டரி செத்த கடையில், இது நடந்தே தீரும். அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பில் முழுவதும் எழுதி, டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்ததை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வையுங்கள். தற்காலிகக் கோப்பு வேறு டிரைவில் இருந்தால் பெயர் மாற்றம் நகலெடுப்பாக மாறிவிடும், பாதுகாப்பு போய்விடும்.

கோப்பைப் படிக்க முடியவில்லை என்றால் அதன் மேல் டீஃபால்ட்டை எழுதிவிடாதீர்கள். பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, டீஃபால்ட்டில் திறந்து, நடந்ததை ஒரு வரியில் சொல்லுங்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதற்காக மூன்று வருட செட்டிங்ஸ் அழியக் கூடாது.

பாஸ்வேர்டை இந்தக் கோப்பில் வைக்கவே கூடாது. சப்போர்ட் ஆள் கேட்டவுடன் கடைக்காரர் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜரும் மேக்கில் கீசெயினும் அதற்காகவே இருக்கின்றன.

5. அடுக்குகளாகப் பிரித்து, இப்போது வரையுங்கள்

மூன்று அடுக்கு போதும். ஆனால் ‘எளிது, நடுத்தரம், கடினம்’ என்று பிரிக்காதீர்கள். உங்களுக்கு எளிதாகத் தெரிவது கேஷியருக்குக் கடினம். ஆடிட்டருக்கு எளிதானது உங்களுக்குப் புரியாது. எத்தனை முறை மாற்றப்படும், தவறினால் எவ்வளவு நட்டம் என்ற இரண்டை வைத்துப் பிரியுங்கள்.

முதல் அடுக்கில் வாரம் ஒருமுறையாவது யாரோ தொடுபவை: எந்த பிரிண்டர், எத்தனை பிரதி, எழுத்தின் அளவு. இரண்டாம் அடுக்கில் இன்ஸ்டால் செய்யும்போதும் கருவி மாற்றும்போதும் தேவைப்படுபவை: ஸ்கேனர் ஒவ்வொரு பார்கோடுக்கும் பிறகு என்டர் விசையை அனுப்புகிறதா, டேப் விசையை அனுப்புகிறதா, தமிழை எப்படி அச்சிடுவது. மூன்றாம் அடுக்கு, சப்போர்ட் ஆள் போனில் சொன்னால் மட்டும் தொடுவது. கல்லாப் பெட்டி பெரும்பாலும் பிரிண்டர் வழியாகத்தான் திறக்கும்; அதற்கான மின்துடிப்பு இணைப்பு வயரின் 2-ஆம் பின்னில் போக வேண்டுமா, 5-ஆம் பின்னில் போக வேண்டுமா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். அது மூன்றாம் அடுக்குக்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒருமுறை வைத்தால் பெட்டி மாறும் வரை யாரும் தொடமாட்டார்கள்.

இரண்டாம் அடுக்கைத் தனி ‘அட்வான்ஸ்டு’ டேபாக வைக்காதீர்கள். பிரிண்டர் பக்கத்திலேயே, அடியில், ‘மேலும் பிரிண்டர் செட்டிங்ஸ்’ என்று விரியட்டும். தனி டேப் வைத்தால் அது பரண் மாதிரி ஆகிவிடும். இடம் தெரியாத எல்லாமும் அங்கே ஏறும்.

விஎல்சி பிளேயரின் செட்டிங்ஸ் விண்டோவைத் திறந்து பாருங்கள். கீழே சாதாரணம், எல்லாம் என்று இரண்டு தேர்வு. சாதாரணத்தில் மேலே படங்களோடு சில பிரிவுகள்; எல்லாம் என்பதைத் தேர்ந்தால் இடப்பக்கம் ஒரு நீண்ட மரப் பட்டியல். வசதிகள் அள்ளக்குறையாமல் இருக்கின்றன. ஆனால் அடுக்கு மாறியதும் அமைப்பே மாறிவிடுவதால், ஒரு நிமிடம் முன்பு பார்த்த செட்டிங் புதிய பட்டியலில் எங்கே இருக்கிறது என்று மறுபடி தேட வேண்டும். விரிவடையும் பக்கம் இதைத் தவிர்க்கும். இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கூடுதலாகப் பார்க்கலாம்.

மூன்றாம் அடுக்குக்கு அழகான விண்டோ தேவையில்லை. உள்பெயர், மதிப்பு, ரீசெட் கொண்ட ஒரு பட்டியல் போதும். ஃபயர்பாக்ஸின் அபௌட் கான்ஃபிக், ஆபிஸ் மென்பொருளான லிப்ரே ஆபிஸின் எக்ஸ்பர்ட் கான்ஃபிகரேஷன் எல்லாம் அப்படித்தான்.

மூடியிருக்கும் பகுதிக்குள் ஏதாவது மாற்றப்பட்டிருந்தால் தலைப்பிலேயே காட்டுங்கள்: ‘மேலும் பிரிண்டர் செட்டிங்ஸ் – 2 மாற்றப்பட்டுள்ளன’. மறைந்திருக்கும் ஒரு மாற்றம் பில்லைக் கெடுத்துக்கொண்டிருக்க, மேலே எல்லாம் சரியாகத் தெரிவது மிகக் கொடுமையான நிலை.

அடுக்கு வேறு, பூட்டு வேறு. கேஷியர் தள்ளுபடி வரம்பை மாற்றக் கூடாது என்றால் அதற்குப் பாஸ்வேர்டு வேண்டும். ஆழத்தில் ஒளித்து வைத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

6. பெயரும் விளக்கமும்

நிறைய நேரம் கொடுக்க வேண்டிய வேலை இது. ஒரே ஒரு செட்டிங்கை எடுத்துப் பார்ப்போம்.

தெர்மல் பிரிண்டரின் தலை 203 டிபிஐ (இஞ்சுக்கு 203 புள்ளிகள்) என்றால், மி.மீ.க்கு 8 புள்ளிகள். 58 மி.மீ. ரோலில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., அதாவது 384 புள்ளிகள். 80 மி.மீ. ரோலில் 72 மி.மீ., 576 புள்ளிகள். கோடில் இது ‘அச்சு அகலம், புள்ளிகளில்’ என்று இருக்கும். அப்படியே திரைக்கு வந்து, ஒரு வெற்றுப் பெட்டியில் 576 என்று நிற்கும்.

கடைக்காரருக்குப் புள்ளி தெரியாது. ரோல் வாங்கும்போது ‘2 இஞ்ச்’, ‘3 இஞ்ச்’ என்றுதான் கேட்பார். ஆகவே இப்படி எழுதுங்கள்:

பேப்பர் ரோல்: தானாக / 2 இஞ்ச் (58 மி.மீ.) / 3 இஞ்ச் (80 மி.மீ.)
2 இஞ்ச் பிரிண்டரில் 3 இஞ்ச் என்று வைத்தால், பில்லின் வலப்பக்கத் தொகை வெட்டுப்படும்.

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். ‘அச்சு அகலத்தை நிர்ணயிக்கிறது’ என்று பெயரையே திருப்பிச் சொல்லும் விளக்கத்தால் பயனில்லை. தவறினால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று எழுதினால், பில்லில் தொகை காணாமல் போன கேஷியர் அந்த வரியைப் படித்தவுடன் புரிந்துகொள்வார். முதல் படியில் நிரப்பிய கடைசிக் கட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது.

இன்னொன்று. பல தெர்மல் பிரிண்டர்களின் உள்ளே இருக்கும் எழுத்துகளில் தமிழ் கிடையாது. தமிழை மென்பொருள் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். இதற்கு ‘ராஸ்டர் மோடு எனேபிள்’ என்று பெயர் வைத்தவர் தனக்குத்தானே எழுதிக்கொண்டார். ‘தமிழைப் படமாக அச்சிடு’ என்று வையுங்கள். கீழே: ‘பில்லில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறியோ கட்டங்களோ வந்தால் இதை ஆன் செய்யவும். பில் சற்று மெதுவாக வரும்.’

பெயரில் எதிர்மறை வேண்டாம். ‘தானியங்கிப் பேக்கப்பை முடக்கு’ என்பதற்கு டிக் எடுத்தால் பேக்கப் நடக்குமா, நடக்காதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ‘தானாகப் பேக்கப் எடு’ போதும். எண் கேட்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அலகு: விநாடியா, நிமிடமா, நாளா?

தமிழ்ப் பெயர்கள் நீளும். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பெட்டியில் தமிழைப் போட்டால் கடைசிச் சொல் காணாமல் போகும். அகலத்தோடு உயரத்தையும் பாருங்கள். ‘கீ’யின் மேல்சுழியும் ‘கூ’வின் கீழ்வளைவும் நெருக்கமான வரி உயரத்தில் வெட்டுப்படும்.

7. தேடல் பெட்டி

முப்பதுக்கு மேல் செட்டிங் இருந்தால் தேடல் கட்டாயம். பெயரில் மட்டும் தேடினால் போதாது. விளக்கம், உள்பெயர், மக்கள் சொல்லும் மாற்றுச் சொற்கள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். ‘அச்சுப்பொறி’ என்று தட்டினாலும் ‘பிரிண்டர்’ என்று தட்டினாலும், அதையே ஆங்கில எழுத்தில் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். மாற்றுச் சொற்களை ஊகிக்க வேண்டாம், சப்போர்ட் பதிவில் இருக்கின்றன.

தமிழுக்கென்று ஒரு பொறி இருக்கிறது. யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. தேடும் சொல்லையும் தேடப்படும் சொல்லையும் ஒப்பிடும் முன் இரண்டையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டாக எழுதியதை ஒரே குறியீடாக்குவது) மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘தொகை’ என்று தட்டியவருக்கு எதிரிலேயே இருக்கும் ‘தொகை’ கிடைக்காது.

தேடல் எல்லா அடுக்கிலும் தேடட்டும். கிடைத்ததைத் தட்டினால், அது இருக்கும் பக்கம் திறந்து, மூடிய பகுதி விரிந்து, அந்த வரி பளிச்சென்று தெரிய வேண்டும். விடை மட்டும் தனியாக வந்தால், அடுத்த முறையும் அவர் தேடியே ஆக வேண்டும்.

8. எப்போது நடைமுறைக்கு வரும், எதற்கு எச்சரிக்கை

தனியாக நிற்பதும், எளிதில் திருப்பக்கூடியதும் தொட்டவுடன் மாறட்டும். எழுத்தின் அளவுக்கு ஓகே பட்டன் எதற்கு?

ஒன்றோடொன்று சேர்ந்தவை அப்படி மாறக் கூடாது. சர்வர் முகவரி, போர்ட் (இணைப்புக்கான வாசல் எண்), பயனர் பெயர் மூன்றும் சேர்ந்தால்தான் பொருள். முகவரியை மாற்றியவுடனேயே மென்பொருள் இணைக்கப் போனால், மற்ற இரண்டை மாற்றும் முன்பே பிழைச் செய்தி வரும். இத்தகைய குழுவுக்கு ‘சோதித்துப் பார்’, ‘நடைமுறைப்படுத்து’ என இரண்டு பட்டன் வையுங்கள். பிரிண்டருக்கு ‘மாதிரி பில் அடி’ பட்டன் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். உண்மையான பில் போட்டுச் சோதிக்கும் நிலைக்குக் கடைக்காரரைத் தள்ளாதீர்கள்.

மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாறும் என்றால், மாற்றும் முன்பே எழுதியிருங்கள். பில் போடும் நேரத்தில் திடீரென்று ‘ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று கேட்டால் கியூ நிற்கும்.

தவறான எண்ணைத் தட்டினால் சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். போர்ட் 70000 என்று தட்டியவருக்கு ‘1 முதல் 65535 வரை’ என்று அந்தப் பெட்டிக்குக் கீழேயே சொல்லுங்கள். தானாக 65535 ஆக்கிவிட்டால், தான் தட்டியதுதான் இருக்கிறது என்று நம்பி அவர் வேறெங்கோ பிழை தேடுவார்.

மாற்றினால் திரையையே பார்க்க முடியாமல் போகக்கூடியவற்றுக்கு விண்டோஸின் முறையைப் பின்பற்றுங்கள். திரைத் தெளிவை மாற்றினால் 15 விநாடி காத்திருந்து, ‘இருக்கட்டும்’ என்று சொல்லாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும்.

எச்சரிக்கை மிகச் சிலவற்றுக்குத்தான். ‘கவனம்! இது மேம்பட்ட செட்டிங்’ என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. எல்லாவற்றுக்கும் எச்சரித்தால், படிக்காமலே ஓகே அழுத்தப் பழகிவிடுவார்கள். ‘பழைய பில்களை 30 நாளில் அழி என்று வைத்தால், இப்போது இருக்கும் பில்களில் 30 நாளுக்கு முந்தையவை இன்றிரவே அழியும். திரும்பப் பெற முடியாது’ – இப்படி விளைவைச் சொன்னால் கை நிற்கும்.

9. திரும்பி வரும் வழி

மாற்றப்பட்ட ஒவ்வொரு வரியிலும் ஓர் அடையாளமும், டீஃபால்ட்டுக்குத் திருப்பும் சிறு பட்டனும் இருக்கட்டும். விஎஸ் கோட் மாற்றிய செட்டிங்கின் ஓரத்தில் வண்ணக்கோடு காட்டுகிறது. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇ பிளாஸ்மாவில் மாற்றியவற்றை எடுத்துக்காட்டும் பட்டன் இருக்கிறது. உங்கள் பக்கத்தில் ‘மாற்றியவை மட்டும்’ என்ற வடிகட்டி கட்டாயம் இருக்க வேண்டும். சப்போர்ட் ஆளுக்கு இதைவிட உதவும் வசதி இல்லை. இருநூறு வரியில் ஏழு மட்டும் தெரியும். மூன்றாம் படியில் மாற்றியதை மட்டும் சேமித்திருந்தால் இது பத்து நிமிட வேலை.

எல்லாவற்றையும் ரீசெட் செய்யும் பட்டனுக்கு முன்னால், இருக்கும் கோப்பைத் தேதியோடு நகலெடுத்து வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்பதையும் திரையில் சொல்லுங்கள்.

ரீசெட் தரவைத் தொடக் கூடாது. புதியவர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். அடுத்த பில் எண்ணை வசதிக்காக செட்டிங்ஸ் கோப்பிலேயே வைத்திருப்பார்கள். ரீசெட் அடித்ததும் எண் 1-க்குத் திரும்பும். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக் கூடாது, 16 எழுத்துகளைத் தாண்டவும் கூடாது. ஒரே எண்ணில் இரண்டு பில் ஆடிட்டர் கைக்குப் போனால் சிக்கல் கடைக்காரருக்கு. பில் எண்ணின் இடம் தரவுத்தளம். ரீசெட் பட்டனுக்குக் கீழே எழுதுங்கள்: ‘பில்கள், பொருள்கள், வாடிக்கையாளர் கணக்குகள் மாறாது.’

மென்பொருள் திறக்கவே மறுக்கும் நிலைக்கும் வழி வேண்டும். லிப்ரே ஆபிஸில் சேஃப் மோடு இருக்கிறது. விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஃபயர்பாக்ஸைத் திறந்தால் பிழை தேடும் முறையில் திறக்கும். அதுபோல, செட்டிங்ஸ் கோப்பைப் படிக்காமல் டீஃபால்ட்டில் திறக்கும் ஒரு வழியை வைத்து, அதைச் சப்போர்ட் குழுவுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

வெர்ஷன் மாறும்போது உள்பெயரை மாற்றினால் பழைய பெயரையும் சில வெர்ஷன்களுக்குப் படித்துக்கொண்டிருங்கள். கோப்பில் தெரியாத பெயர் இருந்தால் அழிக்காமல் அப்படியே விடுங்கள். புதிய வெர்ஷன் பிடிக்காமல் பழையதற்குத் திரும்பும் கடைகள் உண்டு. அங்கே பழைய மென்பொருள் புதிய செட்டிங்ஸைத் துடைத்துவிடக் கூடாது.

10. போனில் சோதியுங்கள்

கட்டி முடித்ததும், மென்பொருளைப் பார்த்திராத ஒருவரைக் கணினி முன் உட்காரவையுங்கள். நீங்கள் வேறு அறைக்குப் போய், திரையைப் பார்க்காமல் போனில் வழிசொல்லுங்கள். மூன்று வேலை கொடுங்கள்: பேப்பர் ரோலை 2 இஞ்சுக்கு மாற்றுவது, என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று படித்துச் சொல்வது, கடைசியாக மாற்றியதைத் திருப்புவது.

‘அந்த நீல நிறத்தில் இருக்கிறதே’, ‘வலப்பக்கம் மூன்றாவது படம்’ என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், அந்த இடத்தில் பெயர் இல்லை என்று பொருள். படம் மட்டும் உள்ள பட்டனுக்கு எழுத்து சேருங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் இருந்து அவர் தவறான இடத்துக்குப் போனால், ஒன்றின் பெயரை மாற்றுங்கள். ‘இப்போது என்ன தெரிகிறது?’ என்று நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு முறைக்கு மேல் கேட்டிருந்தால் ஐந்தாம், ஆறாம் படிகளுக்குத் திரும்பி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி வரைந்து, வேறொருவரை உட்காரவைத்துச் சோதியுங்கள்.